பாடம் முதலில் பெற்றோருக்கு!

2025 பிப்ரவரி முதல் வாரம். மணப்பாறைப் பக்கம் ஒரு தனியார் பள்ளி. நான்காம் வகுப்புச் சிறுமியிடம் பள்ளி நிர்வாகத்துக்கு நெருங்கிய ஒருவர் தவறாக நடந்துகொண்டார் என்று செய்தி பரவியதும், உறவினர்களும் ஊர்க்காரர்களும் பள்ளிக்குள் புகுந்தார்கள். கண்ணாடிகள் நொறுங்கின. சாலை மறியலில் போக்குவரத்து நின்றது. புகாருக்கு ஆளானவரோடு பள்ளிப் பொறுப்பில் இருந்த வேறு சிலரும், பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டத்தில் கைதானார்கள்.

அதற்குச் சில மாதங்கள் முன்பு, 2024 செப்டம்பரில், திருச்சி மாநகருக்குள்ளேயே அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றின் விடுதிக் குழந்தைகள் தொடர்பான புகாரில் ஓர் அரசு மருத்துவர் கைதானார். தலைமை ஆசிரியையான அவருடைய தாயும் அதே வழக்கில் கைதானார். அதற்கும் முந்தைய மாதம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் போலி என்.சி.சி. முகாம். அங்கே நடந்த பாலியல் தொல்லையை வெளியே சொல்லாமல் அமுக்கப் பார்த்தார்கள் என்று பள்ளி நிர்வாகத்தினர் மீதும் வழக்கு பாய்ந்தது.

இந்த வழக்குகளின் முடிவை நீதிமன்றங்கள் சொல்லட்டும். நமக்கு இப்போது வேண்டியது வேறு. முதலாவது, மூன்றிலும் புகாருக்கு ஆளானவர், சாக்லேட் காட்டிக் கூப்பிடும் முகம் தெரியாத ஆள் அல்ல. குழந்தைகள் மரியாதையோடு ‘சார்’ என்று கூப்பிட்டிருக்கக்கூடிய ஆள். பள்ளியே உள்ளே விட்டு வைத்திருந்த ஆள். இரண்டாவது, குழந்தைக்கும் காவல் நிலையத்துக்கும் நடுவில் பெரியவர்கள் சிலர் இருந்தார்கள். அவர்கள் வாயைத் திறக்கவில்லை என்பதும் புகாரின் ஒரு பகுதி.

மணப்பாறையில் பொங்கிய கோபத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெற்ற வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் அதே பள்ளிகளின் பெற்றோர் கூட்டங்களை நினைத்துப் பாருங்கள். மார்க், ஃபீஸ், சீருடை, வேன் தாமதம், குடிதண்ணீர். பேச்சு இவ்வளவில் முடிந்துவிடும். ‘இந்தப் பள்ளியில் என் பிள்ளையோடு எந்தப் பெரியவர், எந்த நேரத்தில், எந்த அறையில் தனியாக இருக்கிறார்?’ என்று எழுந்து கேட்கும் பெற்றோர் எத்தனை பேர்? கேட்டால் பக்கத்தில் இருப்பவரே ஒரு மாதிரி பார்ப்பார்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக, அதாவது 2012 நவம்பர் 14-ல் போக்சோ சட்டம் நடைமுறைக்கு வந்ததிலிருந்து, நாம் ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கிறோம். குழந்தைகளை வரிசையாக உட்காரவைத்து ‘குட் டச், பேட் டச்’ சொல்லித் தருகிறோம். செய்ய வேண்டியதுதான். ஆனால் ஏழு வயதுப் பிள்ளை ஐம்பது வயது ஆளை ‘நோ’ சொல்லித் தடுத்து, ஓடி வந்து, சரியான ஆளிடம் சரியான வார்த்தையில் சொல்லிவிடும் என்று மொத்தப் பாரத்தையும் அதன் தலையில் ஏற்றிவிட்டு, பெரியவர்கள் நாம் வாசலில் செல்போன் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

அமெரிக்கச் சமூகவியலாளர் டேவிட் ஃபிங்கெல்ஹார் 1984-ல் சொன்ன ஒரு கணக்கு இதற்குப் பொருந்தும். இந்தக் குற்றம் நடக்க நான்கு தடைகள் உடைய வேண்டும் என்றார். குற்றவாளிக்கு முதலில் அந்த எண்ணம் வர வேண்டும். பிறகு அவன் தன் மனசாட்சியைச் சமாதானப்படுத்திக்கொள்ள வேண்டும். மூன்றாவது, குழந்தையைச் சுற்றியிருக்கும் பெரியவர்களின் கண்காணிப்பைத் தாண்டி வர வேண்டும். கடைசியாகத்தான் குழந்தையின் எதிர்ப்பு. நாம் பாடம் நடத்துவது இந்தக் கடைசித் தடைக்கு மட்டும். பெரியவர்கள் கையில் இருக்கும் மூன்றாவது தடை பல வீடுகளில் கதவே இல்லாத நிலையில் கிடக்கிறது.

பள்ளிகளில் குழந்தைகளுக்கு நடத்தும் இத்தகைய வகுப்புகள் பற்றிய 24 ஆய்வுகளை, 5,802 பிள்ளைகள் கலந்துகொண்டவற்றை, காக்ரேன் அமைப்பு 2015-ல் தொகுத்துப் பார்த்தது. பிள்ளைகளின் அறிவு கூடுகிறது, தற்காத்துக்கொள்ளும் விதம் தெரிகிறது என்பது தெளிவாயிற்று. ஆனால் அதனால் குற்றமே குறைகிறது என்று சொல்லப் போதிய சான்று கிடைக்கவில்லை. வகுப்பு வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். வகுப்பில் இன்னும் சிலர் உட்கார வேண்டியிருக்கிறது.

வீடு நிறைய ஆட்கள்

திருச்சியின் ஸ்ரீரங்கத்தையே பாருங்கள். அங்கே குழந்தை வளர்வது ஒரு கூட்டத்துக்கு நடுவில். உத்திர வீதியானாலும் சித்திரை வீதியானாலும், பிள்ளை தெருவில் இறங்கினால் பத்துப் பேருக்கு அது யார் வீட்டுப் பேரன் என்று தெரியும். ‘நம்ம ஊர்ல அப்படியெல்லாம் நடக்காது, எல்லாரும் தெரிஞ்சவா’ என்பார்கள் மாமிகள். இந்தக் குற்றத்தின் இயல்பு தெரிந்தவர்களுக்கு, ‘எல்லாரும் தெரிஞ்சவா’ என்பதைக் கேட்டதும்தான் கொஞ்சம் பதறும்.

2007-ல் மத்திய பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வில், 53.22 சதவீதம் பேர் ஏதாவது ஒரு வகைப் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். அதில் பாதிப் பேருக்குத் தொல்லை தந்தவர்கள், பிள்ளை நம்பும் இடத்தில் இருந்த, பழகிய ஆட்கள். அந்தப் பட்டியலில் தமிழ்நாடு இல்லை என்று யாரும் ஆறுதல் பட வேண்டாம். அதற்கு முந்தைய ஆண்டு சென்னையில் ‘துளிர்’ அமைப்பு 2,211 பள்ளிப் பிள்ளைகளிடம் கேட்டதில் 42 சதவீதம் பேர் ஆம் என்றார்கள்.

இன்னொரு விஷயம் பெற்றோர் காதில் ஏறுவதே இல்லை. 2007 ஆய்வில் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னவர்களில் பாதிக்கும் சற்று மேல், 52.94 சதவீதம், பையன்கள். ‘எனக்கு ரெண்டும் பையன், பயமில்லை’ என்று நிம்மதியாகச் சொல்லும் அப்பாக்கள் இந்த எண்ணை ஒரு முறை படிக்க வேண்டும். பெண் பிள்ளையை ஆறு மணிக்கு மேல் வெளியே விடாத வீடு, பையனை விடுதியிலும் பயிற்சி மையத்திலும் விட்டுவிட்டு மாதம் ஒரு முறை பணம் கட்டப் போகிறது.

மார்கழியை எடுத்துக்கொள்ளுங்கள். வைகுண்ட ஏகாதசி வருகிறது. பகல் பத்து, இராப் பத்து என்று ஊரே விழித்திருக்கும். சென்னையிலிருந்து, பெங்களூரிலிருந்து, அமெரிக்காவிலிருந்து உறவுகள் வந்து இறங்கும். மூன்று அறை வீட்டில் பதினைந்து பேர். பெரியவர்கள் விடியற்காலை இரண்டு மணிக்குப் பரமபத வாசலுக்கு வரிசையில் நிற்கப் போய்விடுவார்கள். கூடத்தில் பாய் விரித்துப் பிள்ளைகள் வரிசையாகத் தூங்கும். யார் பக்கத்தில் யார் படுத்திருக்கிறார்கள்? வீட்டில் தங்கிவிட்ட பெரியவர் யார்? கோயில் பையில் சந்தனம் எடுத்து வைத்தோமா என்று மூன்று முறை சரிபார்க்கும் குடும்பம் இதை ஒரு முறைகூடக் கேட்பதில்லை. வயது வந்த ஆண்களும் பிள்ளைகளும் தனித்தனி இடத்தில் படுப்பது, பிள்ளைகளோடு நம்பிக்கையான பெரியவர்கள் இரண்டு பேராவது இருப்பது, விளக்கு ஒன்று எரிவது. இதற்குச் செலவு எதுவும் இல்லை. யாரையும் சந்தேகப்படவும் வேண்டியதில்லை. ‘நம்ம வீட்டு வழக்கம் இது’ என்று முன்கூட்டியே வைத்துவிட்டால் யாருக்கும் மனக்கசப்பு வராது.

ஆடிப் பெருக்கில் அம்மா மண்டபம் படித்துறையைப் பாருங்கள். ஐந்து வயது, ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு எல்லார் முன்னாலும் ஈர உடையை உருவி மாற்றிவிடுகிறோம். ‘குழந்தைதானே’ என்கிறோம். உடம்பு உன்னுடையது, மறைவு உனக்கும் உண்டு என்று வீட்டில் வாயால் சொல்லிவிட்டு, படித்துறையில் கையால் அதை மறுக்கிறோம். ஒரு துண்டைச் சுற்றிப் பிடித்துக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

காவிரிக்கு இந்தப் பக்கம் திருச்சியின் நிலைமை வேறு மாதிரி. மாவட்டத்தில் எத்தனையோ வீடுகளில் அப்பா துபாயிலோ ஷார்ஜாவிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார். திருச்சி விமான நிலைய வாசலில் அரை மணி நேரம் நின்றால் இது புரியும். அம்மா ஒற்றை ஆளாகப் பள்ளி, பேங்க், மருத்துவமனை, மாமியார் மருந்து என்று ஓடுகிறார். அங்கேதான் ‘நான் பார்த்துக்கறேன் தங்கச்சி, நீங்க ஏன் அலையறீங்க’ என்று ஒருவர் வருகிறார். இப்படி உதவுகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் நல்லவர்கள். தப்பான எண்ணத்தோடு வருகிறவனும் அதே வாசல் வழியாக, அதே வார்த்தையோடு வருவதுதான் சிக்கல். அவன் முதலில் பிடிப்பது குழந்தையை அல்ல, அம்மாவை. வீட்டாரின் நன்றியைச் சம்பாதிக்கிறான். பிறகு பிள்ளைக்குச் சின்னச் சின்னப் பரிசு, தனிச் சலுகை, ‘அம்மாகிட்ட சொல்லாதே, இது நமக்குள்ள’ என்று ஒரு குட்டி ரகசியம். முதல் ரகசியம் ஐஸ்கிரீமாக இருக்கும். விளையாட்டுப் போலத் தொடுவது அதற்குப் பிறகு. கடைசியில் பிள்ளை வந்து சொன்னாலும், ‘அந்த மாமாவா? சும்மா இரு, நமக்கு எவ்வளவு செஞ்சிருக்கார்’ என்று அம்மாவே சொல்லும் நிலைக்கு வீடு ஏற்கெனவே கொண்டுவரப்பட்டிருக்கும்.

இந்தப் படிகளைத் தெரிந்துவைத்திருக்க வேண்டியது ஏழு வயதுப் பிள்ளையா, முப்பத்தைந்து வயது அம்மாவா?

டியூஷன், பாட்டு வகுப்பு, கராத்தே, பாடசாலை, பள்ளி வேன் என்று பட்டியல் நீளும். ஒவ்வொன்றையும் தனித்தனியாக அலச வேண்டியதில்லை. கேட்க வேண்டியது ஒன்றுதான்: ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் மட்டும், அடுத்தவர் கண் படாமல் இருக்கும் நேரம் எது? வேனில் கடைசியாக இறங்கும் பிள்ளை எது, அதற்கு முந்தைய நிறுத்தத்திலிருந்து எத்தனை நிமிடம்? ஷேர் ஆட்டோவில் இடம் இல்லை என்று ஓட்டுநர் சீட்டில் ஒட்டிக்கொண்டு உட்காருவது யார் பிள்ளை? மொட்டை மாடி டியூஷனில் கதவு திறந்திருக்கிறதா? அறிவிக்காமல் ஒரு நாள் முன்னதாகப் போய் நின்றுபாருங்கள். நல்ல ஆசிரியர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

‘கொடுக்க வேண்டாம், விடுங்கோ’

வீட்டுக்குள் இதை எப்படிப் பேசுவது என்பதில்தான் நம் பெற்றோர் திணறுகிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளையை எதிரே உட்காரவைத்துச் சொற்பொழிவு ஆற்ற வேண்டும் என்று நினைத்து, அதற்குத் தைரியம் வராமல் விட்டுவிடுகிறார்கள். சொற்பொழிவே வேண்டாம். குளிப்பாட்டும்போது பேசலாம்.

‘அம்மா, நீ ஏன் அங்க சோப்பு போட மாட்டேங்கற?’

‘இனிமே நீயே போட்டுக்கணும்டி செல்லம். ஜட்டி மறைக்கிற இடம் உன்னுது. நீ குளிக்கறச்சே அம்மா ஒத்தாசை பண்ணலாம், உடம்பு சரியில்லேன்னா டாக்டர் பார்க்கலாம், அப்பவும் நான் பக்கத்துல இருப்பேன். வேற யாரும் தொடக்கூடாது, பார்க்கக்கூடாது, அவா இடத்தைத் தொடச் சொல்லவும் கூடாது.’

‘தாத்தா கூடவா?’

‘யாரா இருந்தாலும். யாராவது அப்படிப் பண்ணி, சொல்லாதேன்னு சொன்னா, அதைத்தான் முதல்ல எங்கிட்ட சொல்லணும். நான் உன்னைத் திட்டவே மாட்டேன்.’

இவ்வளவுதான். ஒரு நிமிடப் பேச்சு. ஆறு மாதத்துக்கு ஒரு தரம், பிள்ளையின் வயதுக்கு ஏற்ப இன்னும் கொஞ்சம் சேர்த்துச் சொன்னால் போதும். உறுப்புகளுக்கு உரிய பெயரைக் கூச்சப்படாமல் சொல்லிக் கொடுங்கள். செல்லப் பெயர் மட்டும் தெரிந்த பிள்ளை, டீச்சரிடமோ டாக்டரிடமோ போய்ச் சொன்னாலும் அவர்களுக்குப் புரியாமல் போகலாம்.

பேச்சைவிட முக்கியமானது நடத்தை. விருந்தாளி வந்ததும் ‘மாமாவுக்கு ஒரு முத்தம் குடு’ என்று தள்ளிவிடுகிறோம். பிள்ளை நெளிகிறது, பின்வாங்குகிறது. ‘என்னடா, மரியாதையே இல்லையே’ என்று அதட்டுகிறோம். பெரியவர்கள் ஆசைப்பட்டால் உன் விருப்பம் செல்லாது என்பதை அந்தக் கூடத்தில் நாமே பாடமாக நடத்திவிட்டோம். ‘கொடுக்க வேண்டாம், விடுங்கோ. கை கூப்பி நமஸ்காரம் பண்ணு போதும்’ என்று சிரித்துக்கொண்டே சொல்லிப் பழகலாம். விருந்தாளிக்குக் கொஞ்சம் முகம் சுருங்கினால் சுருங்கட்டும்.

இந்த இடத்தில் தாத்தாக்கள் வருத்தப்படுவார்கள். ‘அப்ப பேத்தியைத் தூக்கக்கூடாதா? எல்லாரையும் திருடன் மாதிரிப் பார்க்கணுமா?’ நியாயமான கேள்வி. எஸ்.யு. அருண்குமார் இயக்கத்தில் 2023-ல் வந்த ‘சித்தா’ படத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தவிப்பு புரியும். பாசமான ஒரு சித்தப்பா மீது சந்தேகம் விழுந்தால் என்ன ஆகும் என்பதையும், சந்தேகம் தப்பான பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஆபத்து எந்தப் பக்கம் இருக்கிறது என்பதையும் அந்தப் படம் காட்டியது. தாத்தா மடி வேண்டும். பாசம் கூடத்தில், நாலு பேர் பார்க்க நடக்கட்டும். பேத்தி இறங்க வேண்டும் என்றால் உடனே இறக்கிவிடட்டும். ரகசியம் மட்டும் வேண்டாம். நல்ல தாத்தாவுக்கு இதில் இழப்பு ஒன்றும் இல்லை.

செல்போனையும் இதே வீட்டுப் பேச்சில் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. குழந்தைகளின் ஆபாசப் படங்களை இணையத்தில் பரப்பியதாகத் தமிழ்நாட்டில் நடந்த முதல் கைது எங்கே என்று நினைக்கிறீர்கள்? 2019 டிசம்பரில், நம் திருச்சியில். அத்தகைய படத்தை வைத்திருப்பதும் பார்ப்பதும் குற்றமில்லை என்ற பொருளில் சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜனவரியில் தந்த தீர்ப்பை, அதே ஆண்டு செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. விளையாட்டுச் செயலியில் ‘உன் வயசுதான்’ என்று அறிமுகமாகிறவன் போட்டோ கேட்டால் என்ன செய்வது என்று பத்து வயதுப் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதைவிட, போட்டோ அனுப்பிவிட்டுப் பயந்துபோன பிள்ளை, போனைப் பிடுங்கிவிடுவார்களோ என்ற பயமில்லாமல் அம்மாவிடம் வர முடிய வேண்டும். மிரட்டுகிறவன் நம்பியிருப்பதே பெற்றோர் மீது பிள்ளைக்கு இருக்கும் அந்தப் பயத்தைத்தான்.

பிள்ளை சொல்லிவிட்டால்

2018-ல் சென்னை அயனாவரம் அடுக்குமாடிக் குடியிருப்பில், செவித்திறன் குறைந்த 11 வயதுச் சிறுமிக்கு நடந்தது நாட்டையே உலுக்கியது. 17 பேர் மீது வழக்கு. 2020 பிப்ரவரியில் 15 பேருக்குத் தண்டனை. மாதக் கணக்கில் நடந்த அந்தக் கொடுமை வெளியே வந்தது, வெளியூரிலிருந்து வீட்டுக்கு வந்த அக்காவிடம் அந்தக் குழந்தை சொன்னபோதுதான். காவலாளி, லிப்ட் இயக்குபவர், குழாய் வேலை பார்ப்பவர் என்று தினமும் கண்ணில் படுகிற ஆட்கள் நிறைந்த வளாகம். கேட்பதற்கு ஒரு ஆள் வந்ததும் பேச்சு வந்தது.

பிள்ளைகள் முழுக் கதையாகச் சொல்லாது. ‘அந்த டியூஷனுக்குப் போக மாட்டேன்’ என்று ஆரம்பிக்கும். சிறுநீர் போகும்போது எரிகிறது என்று சொல்லலாம். நின்றுபோன படுக்கை நனைக்கும் பழக்கம் திரும்பலாம். வயதுக்கு மீறிய விஷயத்தைப் பொம்மையிடம் செய்து காட்டலாம். வாங்கித் தராத பொருள் பையில் இருக்கலாம். இவற்றுக்கு வேறு காரணங்களும் இருக்க முடியும். அடையாளமே இல்லாமல் சிரித்துக்கொண்டு திரிகிற பிள்ளைகளும் உண்டு. துப்பறிய வேண்டாம். கேட்கிற காது இருந்தால் போதும்.

சொன்ன உடனே நம் வாயில் தானாக வரும் வாக்கியம் ஒன்று உண்டு: ‘ஏன்டி இதை முதல்லயே சொல்லலே?’ அக்கறையில்தான் கேட்கிறோம். பிள்ளையின் காதில் அது குற்றச்சாட்டாக விழுகிறது. அதோடு வாய் மூடிக்கொள்ளும். ‘நீ சொன்னது நல்லது. உன் மேல தப்பு இல்லை. நான் பார்த்துக்கறேன்.’ இந்த மூன்றையும் கண்ணாடி முன் நின்றாவது பழகி வைத்துக்கொள்ளலாம். அந்த நேரத்தில் மூளை வேலை செய்யாது. பிறகு குடைந்து குடைந்து கேட்காமல், பாட்டி, அத்தை, பெரியப்பா என்று ஒவ்வொருவர் முன்னாலும் திரும்பச் சொல்ல வைக்காமல், பிள்ளை சொன்ன வார்த்தையிலேயே ஒரு நோட்டில் எழுதி, தேதி போட்டு வைக்க வேண்டும். சம்பவம் அப்போதுதான் நடந்திருந்தால் குளிப்பாட்டவோ துணியைத் துவைக்கவோ கூடாது. தாய்க்கு அந்தக் கணத்தில் தோன்றும் முதல் ஆசையே பிள்ளையைக் கழுவிவிட வேண்டும் என்பதுதான். அதை அடக்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். திருச்சியில் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை இருக்கிறது. அவசரச் சிகிச்சைக்கு முன் எஃப்.ஐ.ஆர். கொண்டுவா என்று எந்த மருத்துவமனையும் கேட்க முடியாது. தனியார் மருத்துவமனையும் திருப்பி அனுப்ப முடியாது.

அப்புறம் வருவது பஞ்சாயத்து. குடும்பப் பெரியவர்கள் கூடி, ‘அவனைக் கூப்பிட்டு நாலு அறை வெச்சு அனுப்பிடலாம். பொண்ணுக்கு நாளைக்குக் கல்யாணம் ஆகணும்’ என்பார்கள். அறை வாங்கியவன் அடுத்த தெருவுக்குப் போய் அடுத்த பிள்ளையைத் தேடுவான். இதில் சட்டம் தெளிவாக இருக்கிறது. போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவின்படி, இப்படி ஒரு குற்றம் நடந்தது என்று தெரிந்த யாராக இருந்தாலும் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் மறைத்தால் 21-ஆவது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை. நிறுவனத் தலைவர் என்றால் ஓராண்டு வரை. பள்ளி முதல்வர்கள் கைதாகும் செய்திகளுக்குப் பின்னால் இருப்பது இந்தப் பிரிவுதான்.

போலீஸ் என்றதும் வரும் நடுக்கம் எனக்குப் புரிகிறது. குழந்தையைக் காக்கிச் சட்டைகளுக்கு நடுவே உட்காரவைத்துக் கேட்பார்களே என்று அம்மாக்கள் அஞ்சுகிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. வாக்குமூலம் வீட்டிலோ பிள்ளைக்குப் பிடித்த இடத்திலோ வாங்கலாம். கூடிய வரை சப்-இன்ஸ்பெக்டர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி வர வேண்டும், சீருடையில் வரக்கூடாது. பெற்றோரோ, பிள்ளை நம்பும் ஒருவரோ கூட இருக்கலாம். இரவில் பிள்ளையைக் காவல் நிலையத்தில் வைக்கவே கூடாது. பெண் குழந்தையைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும். நீதிமன்றத்தில் குற்றவாளி முகத்தைப் பிள்ளை பார்க்க வேண்டியதில்லை. பெயர், முகம், பள்ளி எதுவும் ஊடகத்தில் வரக்கூடாது. நடைமுறையில் இவையெல்லாம் அட்சரம் பிசகாமல் நடக்கின்றனவா என்றால், இல்லை. ஓராண்டில் முடிய வேண்டிய வழக்குகள் இழுக்கின்றன. ஆனால் உரிமை தெரிந்து கேட்கிற பெற்றோருக்குக் கிடைக்கும் மரியாதை, கைகட்டி நிற்கிற பெற்றோருக்குக் கிடைப்பதில்லை. ஸ்ரீரங்கத்திலேயே அனைத்து மகளிர் காவல் நிலையம் இருக்கிறது. நேரே போகத் தயக்கம் என்றால் 1098-ஐ எந்த நேரமும் அழைக்கலாம்.

இதையெல்லாம் பெற்றோருக்கு யார், எங்கே சொல்வது? இடம் ஏற்கெனவே இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான். ‘மாணவர் மனசு’ என்ற புகார்ப் பெட்டிகளையும் அரசு பள்ளிகளில் வைத்தது. அந்தப் பெட்டியை யார் திறக்கிறார்கள், எத்தனை நாளைக்கு ஒரு முறை என்று கேட்கும் அதிகாரம் அந்தக் குழுவுக்கு இருக்கிறது. திருச்சிக் கல்லூரிகளில் சமூகப்பணி படிக்கும் மாணவர்கள் களப்பணிக்கு இடம் தேடி அலைகிறார்கள். ஒரு வார்டுக்கு இரண்டு பேர் வீதம் பெற்றோர் கூட்டத்துக்கு அனுப்பினால் போதும். கூட்டம் வேலை நாளில் பகல் பதினொரு மணிக்கு வேண்டாம். அந்த நேரத்துக்கு அம்மாக்கள் மட்டும் வருவார்கள். துவாக்குடியில் ஷிப்ட் பார்க்கிற அப்பாவும், காந்தி மார்க்கெட்டில் ராத்திரி முழுக்க மூட்டை இறக்கிவிட்டுப் பகலில் தூங்குகிற அப்பாவும் வர வேண்டுமானால் ஞாயிறு மாலைதான் தோது. ஆண்கள் இல்லாத கூட்டத்தில் பேசி என்ன பயன்? பிள்ளையிடம் எப்படிப் பழகக்கூடாது என்பதை ஆண்களே ஆண்களிடம் சொல்லும் நாள் வராமல், அம்மாக்களின் காவலை மட்டும் கூட்டிக்கொண்டே போவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

ஒரு எச்சரிக்கையும் அந்தக் கூட்டத்தில் சொல்லப்பட வேண்டும். பதினேழு வயதுப் பெண்ணின் காதலை உடைக்கப் போக்சோவைக் கையில் எடுக்கும் பெற்றோரும் இருக்கிறார்கள். பதின்வயதுக் காதலை இந்தச் சட்டத்துக்குள் இழுத்துத் தண்டிப்பது சட்டத்தின் நோக்கம் அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜனவரியில் ஒரு வழக்கில் சுட்டிக்காட்டியது. சாதிக் கோபத்துக்குக் குழந்தைப் பாதுகாப்புச் சட்டத்தைப் பயன்படுத்துகிறவர்களால் உண்மையான வழக்குகள்தான் வரிசையில் பின்னே தள்ளப்படுகின்றன.

எல்லாவற்றிலும் கடினமான நிலைமை, தொல்லை கொடுத்தவர் அந்த வீட்டுச் சோற்றுக்குச் சம்பாதிக்கிற ஆளாகவே இருப்பது. அப்பாவாக, மாற்றாந்தந்தையாக, வாடகை கட்டுகிற மாமாவாக. ‘புகார் கொடுத்துட்டு நாளைக்கு அடுப்பு எப்படி எரியும்?’ என்று ஒரு தாய் கேட்டால், அவளைக் கோழை என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. அவளிடம் சொல்ல வேண்டிய தகவல் ஒன்று இருக்கிறது. 2020-ஆம் ஆண்டு போக்சோ விதிகளின் 8-ஆவது விதிப்படி, உணவு, உடை, போக்குவரத்து போன்ற அவசரத் தேவைகளுக்கு உடனடி நிதி தரும்படி மாவட்டக் குழந்தைகள் நலக் குழு பரிந்துரைக்கலாம். பரிந்துரை போன ஒரு வாரத்துக்குள் பணம் கொடுக்கப்பட வேண்டும். எஃப்.ஐ.ஆர். பதிவான பிறகு எந்தக் கட்டத்திலும் சிறப்பு நீதிமன்றம் இடைக்கால இழப்பீட்டுக்கு உத்தரவிட 9-ஆவது விதி இடம் தருகிறது. வழக்கு முடியும் வரை கூடவே வர ஓர் ஆதரவு நபரையும் குழு நியமிக்கலாம். இந்த உரிமைகளையெல்லாம் பட்டியலிட்ட ‘படிவம் ஏ’ என்ற தாள் ஒன்றைக் காவல்துறை பெற்றோர் கையில் கொடுக்க வேண்டும். கொடுக்கவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள்.